எள்ளளவு திட்டு

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, சாயங்காலமானால் கண் மட்டும் கொஞ்சம் எரிகிறது. உனக்கும் உன் அத்தானுக்கும் வயிறு ஒழுங்காக இருக்கிறதா? கப்பல் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள் என்று நூறு தடவை சொல்லியாயிற்று, நூற்றியோராவது தடவையாக இதையும் வைத்துக்கொள்.

நீ அனுப்பிய முதல் காகிதக் கட்டு போன வாரம் எங்கள் வரைபடக் கூடத்துக்கு வந்து சேர்ந்தது. கரை ஓவியமெல்லாம் உன் கை, பார்த்ததுமே தெரிந்தது. கடலின் ஆழத்தைக் குறித்து வைக்கும் ஆழப் புத்தகம் உன் அத்தான் கை, அதுவும் பார்த்ததுமே தெரிந்தது, கோழி கிளறிய மாதிரி. இரண்டு மாதமாக எனக்கு ஒரு வரி எழுதாத மனிதர் கடலுக்கு மட்டும் நாற்பது பக்கம் எழுதியிருக்கிறார்.

பருமணல் வந்த இடத்திலெல்லாம் வழக்கம்போல 'நறநற' என்று போட்டிருக்கிறார். ஆழம் பார்க்கக் கடலில் இறக்கும் ஈயக்குண்டின் அடியில் தடவிய கொழுப்பில் ஒட்டி வருகிற மண்ணை உலகத்தில் எல்லோரும் கண்ணால் பார்த்து எழுதுகிறார்கள். இவர் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்து எழுதுகிறார். முதலாளி புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "உன் வீட்டுக்காரர் கடலை அளக்கிறாரா, திங்கிறாரா?" என்றார். நான் ஒவ்வொரு நறநறவையும் 'பருமணல்' என்று மாற்றி, செப்புத் தகட்டில் இடவலம் திருப்பி வெட்டிக்கொண்டிருக்கிறேன். பத்து வருஷமாக இதுதானே என் பிழைப்பு.

நடுக்கடலில் இருக்கும் அந்தத் தனித் திட்டையும் வெட்டிவிட்டேன். மழைத்தண்ணீர் தேங்கும் பாறைக்குழி உண்டு, புதர் உண்டு, பறவை உண்டு, மனிதர் இல்லை என்று ஓரத்தில் எழுதியிருந்தாயே, அதுதான். தகட்டில் எள்ளளவுதான் வருகிறது. அதைச் சுற்றி உன் அத்தான் பதினோரு இடத்தில் ஆழம் பார்த்திருக்கிறார், ஒன்றையும் விடவில்லை. ஒருநாள் யாராவது தண்ணீருக்குத் தவித்து அங்கே ஒதுங்குவார்கள், அன்றைக்கு அந்தப் பதினொன்றும் உதவும்.

அவரை ஒரு வரியாவது எழுதச் சொல். மாட்டேன் என்றால் அவர் சொல்லச் சொல்ல நீ கேட்டு எழுது.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் எரிச்சலுக்குச் சாயங்காலத்தில் வேலை செய்யாதே, முதலாளிக்கு வேறு கண் கிடைக்கும், எனக்கு வேறு அக்கா கிடைக்காது. நாங்கள் இருவரும் சௌக்கியம். எனக்கு உள்ளங்கையில் நாலு கொப்புளம், அவ்வளவுதான். துடுப்புப் பிடித்துப் பழக்கமில்லாத கை.

அத்தானுக்கு வடக்கயிறு அறுத்து வலது கையில் காயம். ஆறிவருகிறது, பயப்படாதே. எழுதத்தான் முடியவில்லை. மற்றபடி எப்போதும்போல முன்பக்கம் நின்று ஆழம் பார்த்துக் கூவுகிறார், அந்தக் குரலுக்குத் தூங்குகிறவன் எவனும் தூங்க முடியாது. அவருடைய புத்தகத்தில் கடல்தண்ணீர் பட்டுவிட்டது. அதனால் இரண்டாவது கட்டில் இருப்பது முழுக்க நான் பார்த்து எழுதிய நகல். இந்தத் தடவை எழுத்தாவது படிக்கும்படி இருக்கும்.

உனக்கு ஒரு சின்ன வேலை. முதல் கட்டில் இருந்த அந்தத் திட்டை எடுத்துவிடு. அந்த வாரம் கப்பல் கடிகாரம் தப்பாக ஓடியிருக்கிறது, பிறகுதான் கண்டுபிடித்தோம். கடலில் நேரம் பிழைத்தால் இடம் பிழைத்துப்போகும், உனக்குத் தெரியாததா? தப்பான இடத்தில் தீவைக் காட்டினால் அதை நம்பி வருகிறவன் எங்காவது பாறையில் ஏறுவான். மனிதர் உயிர் சம்பந்தப்பட்டது. சரியான இடம் தெரிந்ததும் நானே எழுதுகிறேன், அதுவரை அது இல்லாமலே இருக்கட்டும். கப்பல் வழிகாட்டி என்ற முறையில் முதலாளிக்கும் தனியாக ஒரு தாள் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன்.

கேப்டன் இப்போதெல்லாம் என்னைத் தன் மேசையிலேயே சாப்பிடச் சொல்கிறார். உன் தம்பி பெரிய ஆளாகிக்கொண்டு வருகிறான்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 25

அன்புள்ள தம்பிக்கு,

கொப்புளத்துக்கு எண்ணெய் போடு, ஊசியால் குத்தாதே. அவர் கைக்குக் கட்டுப் போடுகிறவன் யார்? துணியைத் தினமும் மாற்றச் சொல். நான் நன்றாக இருக்கிறேன், கண் எரிச்சலும் குறைந்திருக்கிறது.

நீ சொன்னபடி திட்டை எடுத்துவிட்டேன். எழுதும்போது 'எடுத்துவிடு' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டாய், எனக்கு ஒரு முழுப் பகல் போயிற்று. முதலில் சுரண்ட வேண்டும். சுரண்டினால் பள்ளம் விழும். தகட்டைக் கவிழ்த்துப் பின்பக்கத்திலிருந்து சுத்தியலால் தட்டித் தட்டி அந்தப் பள்ளத்தை மேலே கொண்டுவர வேண்டும். பிறகு கரி போட்டுத் தேய்த்து, எண்ணெய் விட்டு மெருகு ஏற்ற வேண்டும். பதினோரு ஆழமும் கூடவே போயிற்று. வெட்டிய கையே சுரண்டுவது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் வேலை சுத்தம். இப்போது விரலால் தடவினால்கூட அங்கே ஒன்று இருந்தது தெரியாது, குழந்தைக் கன்னம் மாதிரி இருக்கிறது. முதலாளி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "கடவுளே வந்து தேடினாலும் கிடைக்காதும்மா" என்றார். அவர் வாயிலிருந்து பாராட்டு வருவது அபூர்வம், அதனால் உனக்கு எழுதுகிறேன்.

முந்நூறு தாள் அடித்தாயிற்று. எல்லாத் துறைமுகத்துக்கும் போகிறது. இனிமேல் அந்தக் கடலில் யார் போனாலும் அக்கா தாளைப் பார்த்துத்தான் போவார்கள், உன் கேப்டனிடம் சொல்லி வை.

இரண்டாவது கட்டை இன்னும் பிரிக்கவில்லை. வேறொரு தகடு கையில் இருக்கிறது, அது முடிந்ததும் எடுப்பேன். இதோடு உன் அத்தானுக்கு ஒரு தாள் மடித்து வைத்திருக்கிறேன். நீ படிக்காதே. வலது கைதானே காயம், இடது கைக் கட்டைவிரலில் மையைத் தொட்டு ஒரு ரேகை வைத்து அனுப்பச் சொல், எனக்கு அதுவே போதும்.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கு உடம்பு நன்றாக இருக்கும் நேரத்தில் இந்தக் கடிதம் வந்து சேர வேண்டும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். எனக்கு ஒன்றுமில்லை, கொப்புளம் ஆறிவிட்டது.

அத்தான் கப்பலை விட்டுப் போய்விட்டார். பத்து நாளுக்கு முன்னால் ஒரு துறைமுகத்தில் சரக்கு இறக்க நின்றோம். கரைக்குப் போனவர் திரும்பவில்லை. வேறொரு கப்பலில் ஆள் எடுத்தார்கள், அதில் ஏறிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. கேப்டனோடு கொஞ்ச நாளாகவே அவருக்கு ஒத்துப்போகவில்லை. உனக்குத்தான் தெரியுமே, அவருக்கு நாக்கில் எலும்பில்லை, எதையும் மனசுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது. கப்பல் என்றால் நாலும் நடக்கும், கண்ணை மூடிக்கொள்ள வேண்டிய நேரத்தில் மூடிக்கொள்ள வேண்டும். நான் எத்தனையோ சொல்லிப் பார்த்தேன்.

நீ அவருக்கு வைத்திருந்த தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. படிக்கவில்லை.

அவரைத் தேடிக்கொண்டு துறைமுகம் துறைமுகமாக எழுதிப் போடாதே. கோபம் தணிந்தால் தானே எழுதுவார். எழுதாவிட்டால் அதற்கும் மனசைத் தயார் செய்துகொள். உனக்கு நான் இருக்கிறேன்.

அன்புடன்,
தம்பி


மே 22

தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் நன்றாக இருப்பாய்.

உன் கடிதம் வந்த அன்றைக்கு நாள் முழுக்க அழுதேன். மறுநாள் கையை எங்காவது வைக்க வேண்டுமே என்று இரண்டாவது கட்டைப் பிரித்தேன். நீ எழுதிய நகல். அழகான எழுத்துத்தான், குறை சொல்ல முடியாது.

ஆரம்பத்திலிருந்து பிப்ரவரி ஒன்பதாம் தேதி வரைக்கும் பருமணல் வந்த இடத்திலெல்லாம் 'நறநற' என்று இருக்கிறது. அவர் எழுதியதை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறாய். பத்தாம் தேதியிலிருந்து 'பருமணல்' என்று இருக்கிறது. அதற்குப் பிறகு பதினெட்டுப் பக்கம். ஒரு நறநறகூட இல்லை. நகல் எடுத்துக் கையெழுத்து மாறியதை மறைக்கத் தெரிந்த உனக்கு வார்த்தையை மறைக்கத் தோன்றவில்லை. அந்த வார்த்தையை நீ காதில் வாங்கியதே இல்லை, அவ்வளவுதான். பத்து வருஷமாக ஒவ்வொன்றாக மாற்றி வெட்டுகிறவளுக்கு அது கண்ணில் குத்தும்.

ஆக, பத்தாம் தேதியிலிருந்து ஆழம் பார்த்தது வேறு ஆள். நீயோ அவர் ஏப்ரலில் இறங்கிப் போனார் என்கிறாய். பிப்ரவரி கடைசியில் எழுதும்போது முன்பக்கம் நின்று கூவுகிறார் என்றாய்.

கடைசி நறநற எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்தேன். ஒன்பதாம் தேதி, அந்தத் திட்டுக்கு அரை மைல் வெளியே. அதாவது திரும்பி வரும் வழியில் மறுபடியும் அங்கே போயிருக்கிறீர்கள். நங்கூரம் போட்டிருக்கிறீர்கள். படகு இறக்கியிருக்கிறீர்கள். உன் பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன், உள்ளங்கையில் நாலு கொப்புளம். வழிகாட்டி எதற்குத் துடுப்புப் பிடித்தான்?

எனக்கு ஒரே ஒரு பதில் போதும். ஒன்பதாம் தேதி சாயங்காலம் உன் அத்தான் எங்கே இருந்தார்?

அக்கா


ஜூன் 24

தம்பிக்கு,

பதில் வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று முதல் வாரம் நினைத்தேன். பிறகு உன் கப்பலிலிருந்து முதலாளிக்குக் கடிதம் வந்தது, உன் கையெழுத்தில்.

துறைமுகத்தில் ஒரு பேச்சு அடிபடுகிறது. பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு சின்ன வியாபாரப் படகு நடுக்கடலில் மிதந்துகொண்டிருந்ததாம். பாய் கட்டியபடி, சரக்கு இல்லை, ஆளும் இல்லை. ஒன்பது பேர் போன படகு. அடுப்பில் சோறு வைத்தது வைத்தபடி இருந்ததாம். கடற்கொள்ளைக்காரர் வேலை என்கிறார்கள். அந்த வாரம் அந்தப் பக்கம் போன கப்பல் எது என்று எனக்குத் தெரியும். சோற்றைப் பார்த்துவிட்டுச் சும்மா வருகிறவர் இல்லை உன் அத்தான் என்பதும் தெரியும். கரைக்குப் போனதும் நீதிபதியிடம் போய் நிற்பேன் என்று உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லியிருப்பார்.

நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். என் மேல் சத்தியம்.

எனக்கு அவர் உயிரோடு வேண்டும். அந்தத் திட்டில் தண்ணீர்க்குழி இருக்கிறது, பறவை இருக்கிறது, நீயே எழுதினாய். நாலு மாதம் ஒரு மனிதன் தாக்குப்பிடிக்கலாம். முதலாளியிடம் போய்த் திட்டைத் திரும்பப் போட வேண்டும் என்று கெஞ்சினேன். "வழிகாட்டி கையெழுத்துப் போட்டு எடுக்கச் சொன்னதை நான் எப்படிம்மா திரும்பப் போடுறது? அவரே எழுதிக் கொடுக்கட்டும். இல்லேன்னா கண்ணால பார்த்த இன்னொருத்தர் வரட்டும்" என்றார். கண்ணால் பார்த்தவர்கள் எல்லோரும் உன் கப்பலில்தான் இருக்கிறார்கள்.

ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடு. 'இந்த இடத்தில் திட்டு இருக்கிறது' என்று மட்டும். அதில் யார் இருக்கிறார் என்று எழுத வேண்டாம். உன்னை நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவள், அதைச் சொல்லிக் கேட்க வேண்டிய நிலைமை வந்துவிட்டது.

அக்கா


ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்குக் காய்ச்சல், மூன்று வாரம் படுக்கையில் கிடந்தேன், அதனால்தான் எழுதவில்லை. நீ சாப்பிடாமல் கிடப்பாய் என்று தெரியும். சாப்பிடு.

நீ எழுதியதில் பாதி எனக்குப் புரியவில்லை. படகு, சோறு என்றெல்லாம் கடிதத்தில் எழுதாதே. இவையெல்லாம் பல கை மாறி வருகிற கடிதங்கள். இதுவரை நான் எழுதியதையும் அடுப்பில் போட்டுவிடு.

ஆனால் நீ கேட்டு நான் எதை மறுத்திருக்கிறேன்? கடிகாரத்தைச் சரிபார்த்துக் கணக்கை மறுபடியும் போட்டேன். திட்டு முதலில் எழுதிய இடத்தில் இல்லை. அங்கிருந்து நாற்பது மைல் கிழக்கே இருக்கிறது. இதோடு தனித்தாளில் இடத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். எடுக்கச் சொன்னது எவ்வளவு நல்லது என்று இப்போதாவது தெரிகிறதா? பழைய இடத்துக்கு யாரையும் அனுப்பாதே, அங்கே ஆழ்கடல்தான் இருக்கிறது, நாள்தான் வீணாகும்.

எனக்குக் கல்மனசு என்று மட்டும் நினைத்துவிடாதே.

அன்புடன்,
தம்பி


ஆகஸ்ட் 2

என் அன்புத் தம்பிக்கு,

நீ நூறு வயசு இருக்க வேண்டும். காய்ச்சல் விட்ட உடம்பு, வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே.

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கூடத்தில் எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். நடந்ததெல்லாம் நடந்து போகட்டும். நீ நினைத்திருந்தால் இந்தத் தாளை அனுப்பாமல் இருந்திருக்கலாம். அனுப்பினாய். என் தம்பி என் தம்பிதான்.

தகட்டில் வெட்டி, தாள் அடித்து, ஊர் ஊராக அனுப்ப ரொம்ப நாளாகும். அதனால் நம் துறைமுகத்தில் நின்ற ஒரு உப்புக்கப்பலின் கேப்டன் காலில் விழாத குறையாகக் கேட்டேன். நல்ல மனிதர், பதினாலு பேர் கொண்ட சின்னக் கப்பல். அந்த வழியாகத்தான் போகிறார், மூன்று நாள் ஒதுக்கித் தேடுகிறேன் என்று ஒப்புக்கொண்டார். அவரிடம் நீ எழுதிய இடத்தை மட்டும்தான் கொடுத்தேன். பழைய இடத்தையும் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். இரண்டைச் சொன்னால் குழம்புவார், உன் பேச்சை நம்பாத மாதிரியும் ஆகும் என்று விட்டுவிட்டேன்.

உன் அத்தானுக்கு இரண்டு சட்டை, தலைக்குத் தொப்பி, ஒரு ஜோடிச் செருப்பு கட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். செருப்பு பழசு, புதுசு அவர் காலைக் கடிக்கும்.

அன்புடன்,
அக்கா


செப்டம்பர் 14

அம்மா அவர்களுக்கு,

உப்புக்கப்பல் கேப்டன் வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் பதினாலு பேரும் நலமாகக் கரை சேர்ந்தோம். நீங்கள் தைரியமாக இருக்க வேண்டும்.

தாளில் இருந்த இடத்துக்குச் சரியாகப் போனோம். மூன்று நாள் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றினோம். நிலம் இல்லை. எழுபது பாகம், அதாவது நானூறு அடிக்கு மேல், கயிறு விட்டும் குண்டு தரையைத் தொடவில்லை. அப்படிப்பட்ட ஆழத்தில் திட்டு இருக்க வழியில்லை அம்மா. எழுதிக் கொடுத்தவர் எங்கேயோ தவறிவிட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போகும் வழியில், அந்த இடத்துக்கு நாற்பது மைல் மேற்கே, தூரத்தில் ஒரு புகை பார்த்தோம். முதலில் மெலிதாக இருந்தது. எங்கள் பாய் அவர்கள் கண்ணில் பட்டிருக்க வேண்டும், பிறகு கருகருவென்று பெரிதாக எழும்பியது. உங்கள் கூடத்துத் தாளை விரித்துப் பார்த்தேன். அங்கே நிலமே இல்லை. நிலம் இல்லாத இடத்தில் நெருப்பு எரிந்தால் அது கப்பல்தான். எரிகிற கப்பல் மாதிரி காட்டி, உதவிக்கு வருகிறவனைப் பிடிப்பது கொள்ளைக்காரர்களின் பழைய தந்திரம். என் ஆட்கள், "போக வேணாம் கேப்டன், நம்மளக் கூப்பிடுறாங்க" என்றார்கள். எனக்கும் பயம்தான். விலகிப் போய்விட்டோம். மறுநாளும் அந்தப் புகை தெரிந்துகொண்டே இருந்தது.

காற்று திரும்பிவிட்டது. இனி டிசம்பர் கடைசி வரை அந்தப் பக்கம் எந்தப் பாய்க்கப்பலும் போக முடியாது. சட்டையையும் செருப்பையும் பத்திரமாகக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

தங்கள்,
உப்புக்கப்பல் கேப்டன்


அக்டோபர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? நான் இப்போது நன்றாகத் தேறிவிட்டேன், கன்னத்தில் சதைகூட வைத்திருக்கிறது.

உப்புக்கப்பல் போய் என்ன ஆயிற்று? ஒன்றும் கிடைக்காமல் திரும்பியிருந்தால் மனசை விட்டுவிடாதே. கடலில் திட்டுகள் ஒரு வருஷம் இருக்கும், ஒரு வருஷம் இருக்காது. நம்மால் முடிந்ததைச் செய்தோம் என்ற நிம்மதி இருக்க வேண்டும்.

நல்ல செய்தி ஒன்று. என்னைத் துணைக் கேப்டனாக்கியிருக்கிறார்கள். பிப்ரவரி கடைசியில் கப்பல் நம் துறைமுகத்துக்கு வருகிறது, மூன்று மாதம் தங்குவேன். நம் வீட்டுப் பின்னறையை எனக்காகக் கொஞ்சம் ஒழித்து வை. இனிமேல் உன்னைத் தனியாக விடப் போவதில்லை.

அன்புடன்,
தம்பி


டிசம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? என் மேல் ஏதாவது கோபமா? ஒரு வரி போடு. துறைமுகத்தில் யாராவது வேண்டாததைப் பேசினால் காதில் வாங்காதே. பழைய கடிதங்களை எரித்துவிட்டாயா என்பதை மட்டுமாவது எழுது.

தம்பி


பிப்ரவரி 16

அன்புள்ள தம்பிக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. உடம்பு எப்படி என்று கேட்டிருந்தாய். நன்றாக இருக்கிறது. வேளாவேளைக்குப் பசிக்கிறது, படுத்தால் தூக்கம் வருகிறது, எனக்கே வெட்கமாக இருக்கிறது.

காற்று திரும்பிய மறுநாள் உப்புக்கப்பல் கேப்டன் நான் கேட்காமலே வந்து நின்றார். இந்தத் தடவை உன் தாளைக் கொடுக்கவில்லை. அழிப்பதற்கு முன்னால் அடித்துப் பார்த்த மாதிரித் தாள் ஒன்று கூடத்துக் கழிவுப்பெட்டியில் கிடந்தது, அதைக் கொடுத்தேன். நேராகப் போனார்கள். திட்டு எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தது, ஒரு மயிரிழை விலகவில்லை. உங்கள் கடிகாரம் ஒரு நிமிஷமும் தப்பாக ஓடவில்லை தம்பி. அந்தப் பதினோரு ஆழத்தையும் பார்த்துப் படகை விட்டார்கள், ஒரு இடத்திலும் அடி தட்டவில்லை.

திட்டில் புதர் ஒன்றுகூட இல்லை. எல்லாம் கரி. உன் அத்தான் தான் போட்டிருந்த குடிசை, நீங்கள் போட்டுவிட்டு வந்த பெட்டி, மிதந்து வந்து ஒதுங்கிய கட்டை, செடி, வேர், சட்டை, ஒன்று பாக்கியில்லாமல் எரித்திருக்கிறார். செப்டம்பரில் இரண்டு நாள் எரிந்தது அதுதான். கப்பல் பாயைப் பார்த்ததும், இனிமேல் இதெல்லாம் எதற்கு என்று நினைத்திருப்பார். கப்பல் திரும்பிப் போன பிறகு தலைக்கு நிழல் தர ஒரு குச்சி இல்லை. பறவைகளும் புகைக்குப் பயந்து போய்விட்டன, அவை திரும்பி வரவில்லை. குழியில் மட்டும் தண்ணீர் இருந்ததாம். "ரொம்ப நாள் கஷ்டப்பட்டிருக்க மாட்டாரும்மா" என்றார் கேப்டன். அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தண்ணீர் இருந்தால் சீக்கிரம் முடியாது என்பது எனக்கும் தெரியும்.

வெறும் பாறையின் உச்சியில், கிழக்கே பார்த்து உட்கார்ந்தபடி இருந்தாராம். கப்பல் போன திசை. அங்கேயே அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள்.

அவரை அங்கே இறக்கிவிட்ட படகை யார் ஓட்டினார்கள் என்று நான் இப்போதும் கேட்கவில்லை. போன பிப்ரவரியில் உன்னைக் கட்டாயப்படுத்தியிருக்கலாம், உன் கேப்டன் கத்தியை நீட்டியிருக்கலாம், அதைக்கூட என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. ஜூலையில் உன் கழுத்தில் யார் கத்தி வைத்தார்கள்? அந்த நாற்பது மைலை நீ தனியாக, உன் மேசையில் உட்கார்ந்து, பேனாவைத் தொட்டு எழுதினாய். எழுதிவிட்டு என்னைச் சாப்பிடச் சொன்னாய்.

உன் கடிதங்களை எரிக்கவில்லை. நீதிபதியிடம் கொடுத்துவிட்டேனா, கொடுக்கப் போகிறேனா, கொடுக்கவே மாட்டேனா என்பது உனக்குத் தெரிய வேண்டியதில்லை. தூக்கு என்றால் ஒரு காலை வேளையில் முடிந்துவிடும்.

கண்ணால் பார்த்த சாட்சி இப்போது பதினாலு பேர். முதலாளி மறு பேச்சில்லாமல் தகட்டை எடுத்துக் கொடுத்தார். கண்டு வந்தவருக்குத் தீவுக்குப் பெயர் வைக்கும் உரிமை உண்டு, உப்புக்கப்பல் கேப்டன் அதை எனக்குக் கொடுத்தார். எல்லோரும் உன் அத்தான் பெயரை வைக்கச் சொன்னார்கள். அவர் பெயரை அந்தப் பாறையில் கட்டிப்போட எனக்கு மனசு வரவில்லை. 'தம்பி விட்ட திட்டு' என்று வெட்டியிருக்கிறேன். ஆழமாக வெட்டியிருக்கிறேன், சுரண்டினால் தகடே ஓட்டையாகும். நீ விட்டாய், நான் அழித்தேன், உண்மையில் இரண்டு பேருடைய பெயரும் வர வேண்டும். அவ்வளவு சின்ன இடத்தில் ஒருவருக்குத்தான் எழுத்துப் பிடித்தது.

ஐந்நூறு தாள் போயிருக்கிறது. உன் கப்பலுக்கும் இந்தக் கடிதத்தோடே ஒன்று வருகிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதை யாராவது வாய்விட்டுப் படிப்பார்கள். நீ போன பிறகும், உன் பிள்ளைகள் காலத்திலும் படிப்பார்கள். புதிதாக ஏறிய எவனாவது, "எந்தத் தம்பிங்க? எதை விட்டான்?" என்று கேட்பான். துறைமுகத்தில் இப்போதே கேட்கிறார்கள். நான் எதையும் மறைப்பதில்லை, இம்மாதக் கடைசியில் வருகிறான், நேரில் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

பின்னறையை ஒழித்து, படுக்கை விரித்து வைத்திருக்கிறேன். உடம்பைக் கவனமாகப் பார்த்துக்கொள். நீ நெடுநாள் இருக்க வேண்டும்.

உன்,
அக்கா